சுண்ணாம்புத் தரை

சுண்ணாம்புத் தரை என்பது சுண்ணாம்பைப் பிணைபொருளாகக் கொண்டு, மணல், செங்கல் தூள், செங்கல் ஜல்லி அல்லது கல் ஜல்லி ஆகியவற்றைச் சேர்த்து அமைக்கப்படும் தளமாகும். நிலத்திலிருந்து மேலே வரும் ஈரத்தைத் தடுத்து நிறுத்தாமல், அதைச் சிறிது சிறிதாக ஆவியாக வெளியேற விடுவது இதன் முதன்மைப் பண்பு. இதனால் இது 'மூச்சுவிடும் தரை' என்றும் அழைக்கப்படுகிறது. சிமெண்ட் பரவலாவதற்கு முன் உலகின் பல பகுதிகளில் கோயில், அரண்மனை, வீடு ஆகியவற்றின் தரைகள் இம்முறையில் அமைக்கப்பட்டன. பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்போர் இம்முறையை இன்று மீண்டும் பயன்படுத்துகின்றனர். பழைய வீட்டின் தரையைப் பெயர்த்துச் சிமெண்ட் தளமும் மெருகேற்றிய டைல்சும் போட்ட சில ஆண்டுகளில் சுவர்களின் அடிப்பகுதி உப்புப் பூத்து உதிர்வது பல ஊர்களில் காணப்படும் நிகழ்வு. அதன் காரணத்தை விளங்கிக்கொள்ள இத்தரையின் இயல்பை அறிவது உதவும்.

மூச்சுவிடுதல் என்பதன் பொருள்

கட்டடக் கலையில் 'மூச்சுவிடுதல்' என்ற சொல் காற்று உள்ளே சென்று வெளியே வருவதைக் குறிப்பதன்று. ஒரு பொருளின் நுண்துளைகள் வழியாக நீரும் நீராவியும் நகர்வதையே அது குறிக்கிறது. மண்பானை இதற்கு எளிய எடுத்துக்காட்டு. மண்பானையில் ஊற்றிய நீர் அதன் நுண்துளைகள் வழியே கசிந்து வெளிப்பரப்பில் ஆவியாகிறது. ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் உள்ளே இருக்கும் நீர் குளிர்கிறது. பிளாஸ்டிக் குடத்தில் இது நடப்பதில்லை. சுண்ணாம்புத் தரையை மண்பானைக்கும், பிளாஸ்டிக் தாள் விரித்துப் போட்ட கான்கிரீட் தரையைப் பிளாஸ்டிக் குடத்துக்கும் ஒப்பிடலாம்.

இதில் இரண்டு செயல்கள் அடங்கியுள்ளன. முதலாவது நுண்புழை ஏற்றம். விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவது போல, மண்ணில் உள்ள நீர் செங்கல், காரை, மண் ஆகியவற்றின் நுண்துளைகளில் மேல்நோக்கி ஏறுகிறது. இதையே பேச்சு வழக்கில் 'ஓதம் ஏறுதல்' என்பர். இரண்டாவது நீராவிப் பரவல். ஈரம் மிகுந்த பக்கத்திலிருந்து ஈரம் குறைந்த பக்கத்துக்கு நீராவி நகர்கிறது. நல்ல சுண்ணாம்புத் தரையில் நீராவிப் பரவல் தடையின்றி நடக்க வேண்டும். நீர் நேரடியாக ஏறுவது மட்டுப்பட வேண்டும். தரைக்கு அடியில் பெரிய இடைவெளிகள் கொண்ட ஜல்லி அடுக்கை வைப்பதன் நோக்கம் இதுவே. இடைவெளி பெரிதாக இருந்தால் நுண்புழை ஏற்றம் நின்றுவிடும். நீராவி மட்டும் கடந்து செல்லும்.

சுண்ணாம்பின் வேதியியல்

சுண்ணாம்பு கெட்டியாவது ஒரு சுழற்சியாகும். சுண்ணக்கல்லும் கடற்கிளிஞ்சலும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் என்ற சேர்மத்தால் ஆனவை. இவற்றைக் காளவாயில் இட்டு ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால், கார்பன் டை ஆக்சைடு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஆக்சைடு, எஞ்சுகிறது. இதன் மீது நீர் ஊற்றினால் கொதித்து, வெடித்து, பொடிந்து நீற்றுச் சுண்ணாம்பாக, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடாக மாறுகிறது. இந்த நீற்றுச் சுண்ணாம்பைச் சாந்தாக்கிப் பூசிய பின், அது காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி மீண்டும் கால்சியம் கார்பனேட்டாகிறது. கல்லாக இருந்தது, பொடியாகி, குழம்பாகி, மீண்டும் கல்லாகிறது.

எடைக் கணக்கிலும் இச்சுழற்சி சரியாகப் பொருந்துகிறது. தூய சுண்ணக்கல் 100 கிலோவைச் சுட்டால் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறி 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அது 18 கிலோ நீரை ஏற்று 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பாகும். அந்த 74 கிலோவும் முழுமையாக இறுகும்போது, 44 கிலோ கார்பன் டை ஆக்சைடை ஏற்று, 18 கிலோ நீரை விடுத்து, மீண்டும் 100 கிலோ கால்சியம் கார்பனேட்டாகும்.

கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்த பிறகே சுண்ணாம்புடன் வினைபுரிகிறது. எனவே முழுவதும் காய்ந்த சாந்து இறுகாது. துளைகள் நிறைய நீர் தேங்கிய சாந்திலும் காற்று நுழைய முடியாததால் அது இறுகாது. மிதமான ஈரம் நீடிப்பதே ஏற்ற நிலை. போட்ட தளத்தின் மீது நனைத்த சாக்குகளை விரித்து வைக்கும் பழைய பழக்கத்தின் அடிப்படை இதுதான்.

சுண்ணாம்பின் வகைகள்

தூய சுண்ணக்கல்லிலிருந்து கிடைப்பது கொழுப்புச் சுண்ணாம்பு எனப்படும். இது காற்றால் மட்டுமே இறுகும். தடிமனான தரையின் உட்பகுதிக்குக் காற்று மெதுவாகவே செல்வதால், இச்சுண்ணாம்பை மட்டும் கொண்டு தரை போட்டால் உள்ளே நெடுநாள் மென்மையாகவே இருக்கும்.

களிமண் கலந்த சுண்ணக்கல்லைச் சுட்டால் நீரியல் சுண்ணாம்பு கிடைக்கிறது. களிமண்ணில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்புடன் சேர்ந்து, நீருடன் வினைபுரிந்து இறுகும் சேர்மங்களை உண்டாக்குகின்றன. ஆகவே இது காற்று புகாத இடத்திலும் இறுகும். ஐரோப்பியத் தரநிலையில் இயற்கை நீரியல் சுண்ணாம்பு என்.எச்.எல். 2, 3.5, 5 என மூன்று வகைப்படும். இவ்வெண்கள் 28 நாளில் அடைய வேண்டிய குறைந்தபட்ச அமுக்க வலிமையை, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று குறிக்கின்றன. தரைக்குப் பெரும்பாலும் 5 என்ற வகையே எடுத்துக்கொள்ளப்படுகிறது. இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 712 என்ற தரநிலை கட்டடச் சுண்ணாம்பை 'ஏ' முதல் 'எஃப்' வரை பிரிக்கிறது. அதில் 'ஏ' மிகு நீரியல் சுண்ணாம்பு; 'பி' அரை நீரியல் சுண்ணாம்பு; 'சி' கொழுப்புச் சுண்ணாம்பு.

கொழுப்புச் சுண்ணாம்பையும் நீரில் இறுகச் செய்ய ஒரு வழி உண்டு. எரிமலைச் சாம்பல் அல்லது நன்கு அரைத்த செங்கல் தூளை அதனுடன் சேர்த்தால் போதும். இத்தாலியில் நேப்பிள்ஸ் அருகிலுள்ள பொசுவோலி என்னும் ஊரின் எரிமலைச் சாம்பலை உரோமானியர் பயன்படுத்தியதால், இத்தகைய பொருள்கள் 'பொசோலானா' எனப்படுகின்றன. இந்தியாவில் இதே பணியைச் செய்யும் செங்கல் தூளுக்குச் 'சுர்க்கி' என்று பெயர். எல்லாச் செங்கல் தூளும் இதற்கு உதவாது. ஏறத்தாழ 600 முதல் 900 டிகிரி வரை சுடப்பட்ட களிமண்ணே சுண்ணாம்புடன் நன்கு வினைபுரியும். அதிகமாக வெந்து உருகிக் கறுத்த செங்கல்லின் தூள் வெறும் மணலைப் போலவே நடந்துகொள்ளும்.

வரலாறு

சுண்ணாம்புத் தரை மட்பாண்டக் கலையைவிடப் பழமையானது என்று சொல்லத்தக்க அளவுக்கு மேற்காசியாவில் சான்றுகள் உள்ளன. எரிக்கோ, யோர்தானில் உள்ள அயின் கசல் ஆகிய புதிய கற்கால ஊர்களில், மட்பாண்டம் பரவுவதற்கு முந்தைய காலத்து வீடுகளில் சுண்ணாம்புக் காரை பூசிய தரைகள் அகழாய்வில் கண்டறியப்பட்டுள்ளன.

உரோமானியர் இதை ஒழுங்கான தொழில்நுட்பமாக வளர்த்தனர். கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் விட்ருவியசு தமது நூலின் ஏழாம் பகுதியில் தரை அமைக்கும் முறையை விளக்கியுள்ளார். அதன்படி முதலில் கைநிறையும் அளவுக்குக் குறையாத கற்களைப் பரப்ப வேண்டும். அதன் மேல் மூன்று பங்கு உடைகல்லுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு கலந்து கொட்டி, ஏறத்தாழ 22 செ.மீ. தடிமனுக்குக் குறையாமல் இடித்து இறுக்க வேண்டும். அதன் மேல் மூன்று பங்கு செங்கல் தூளுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு சேர்த்து ஏறத்தாழ 11 செ.மீ. தடிமனில் இன்னோர் அடுக்கு. அதற்கும் மேலேதான் கல் அல்லது ஓடு பதிக்கப்பட்டது. கீழே பெரிய கல், நடுவே ஜல்லி, மேலே நுண்ணிய தூள் என்ற இந்த வரிசை இன்றைய முறையிலும் மாறவில்லை.

பின்னாளில் வெனிசு நகரத்தின் 'தெராசோ' தரைகள் சுண்ணாம்பையும் செங்கல் தூளையும் அடிப்படையாகக் கொண்டு, பளிங்குச் சில்லுகள் பதித்து, தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசி அமைக்கப்பட்டன. மொராக்கோவில் 'தடெலக்ட்' என்ற மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு குளியலறைகளில் பயன்பட்டது. இங்கிலாந்தில் சுண்ணாம்புக் காளவாயில் எஞ்சும் சாம்பலையும் சுண்ணாம்புத் துகளையும் கலந்து மாடித் தரைகள் போடப்பட்டன.

1824இல் இங்கிலாந்தின் யோசப் அசுப்டின் போர்ட்லாந்து சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். விரைவில் இறுகுவது, அதிக வலிமை, எங்கும் ஒரே தரம் ஆகிய காரணங்களால் இருபதாம் நூற்றாண்டில் சிமெண்ட் சுண்ணாம்பின் இடத்தைப் பிடித்தது. சுண்ணாம்பு அரைக்கும் செக்குகள் ஓய்ந்தன. அதை அறிந்த கொத்தனார்களின் எண்ணிக்கையும் குறைந்தது.

தமிழகத்து முறை

தமிழகத்தில் சுண்ணாம்பு இரு வழிகளில் கிடைத்தது. அரியலூர், திருநெல்வேலி போன்ற பகுதிகளில் சுண்ணக்கல் படிவுகள் உள்ளன. கடலோரங்களிலும் பழவேற்காடு போன்ற காயல்களிலும் கிளிஞ்சல் கிடைத்தது. கிளிஞ்சல் சுண்ணாம்பு வெண்மையும் நுண்மையும் மிக்கது என்பதால் மேற்பூச்சுக்கு விரும்பப்பட்டது. செட்டிநாட்டு வீடுகளின் வழவழப்பான சுவர்ப் பூச்சும், ஆங்கிலேயர் வியந்து எழுதிய சென்னைச் சுண்ணப் பூச்சும் இதைக் கொண்டு செய்யப்பட்டவை.

சுண்ணாம்பையும் மணலையும் வட்டமான பள்ளத்தில் இட்டு, மாடு பூட்டிய கல் உருளையால் அரைப்பது வழக்கம். அரைக்க அரைக்கச் சாந்து பசைபோல் ஆகும். இதில் கடுக்காய் ஊறிய நீரும், வெல்லம் அல்லது கருப்பட்டி கரைத்த நீரும் சேர்க்கப்பட்டன. கடுக்காயில் துவர்ப்புப் பொருளான டானின் மிகுதி. சர்க்கரைப் பொருள்கள் சுண்ணாம்பு நீரில் கரையும் அளவைக் கூட்டுகின்றன. சாந்தின் குழைவையும் உயர்த்துகின்றன. அளவு மிகுந்தால் இறுகுவது தாமதப்படும் என்பதால், எவ்வளவு சேர்ப்பது என்பது கொத்தனாரின் பட்டறிவைச் சார்ந்ததாக இருந்தது.

செங்கல் ஜல்லித் தளம் இம்முறையின் சிறந்த எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 100 பங்கு செங்கல் ஜல்லிக்கு 40 பங்கு சுண்ணாம்புச் சாந்து என்ற அளவில் கலந்து பரப்பி, மரக்கட்டைகளால் பல நாள் தட்டுவர். வேலையாட்கள் வரிசையாக அமர்ந்து, கடுக்காய் நீர் தெளித்துக்கொண்டே தட்டிச் செல்வர். தட்டும் கட்டை தளத்தில் தடம் பதிக்காமல் துள்ளி எழும்பினால் தளம் இறுகிவிட்டது என்று கொள்வர். 'மெட்ராஸ் டெரஸ்' எனப்படும் மரச்சட்டக் கூரையின் மேற்பகுதியும் இதே செங்கல் ஜல்லிக் கலவையால் ஆனது. அதன் மேல் தட்டோடு பதிக்கப்பட்டது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் அமைந்து, கேரள அரசின் தொல்லியல் துறையால் பராமரிக்கப்படும் பத்மநாபபுரம் அரண்மனையின் கரிய தரை பலராலும் போற்றப்படுவது. சுண்ணாம்புடன் தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டையின் வெண்கரு, தாவரச் சாறுகள் முதலியவற்றைச் சேர்த்து அத்தரை அமைக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. கண்ணாடி போன்ற அதன் பளபளப்பு, சுண்ணாம்புத் தரை என்றாலே சொரசொரப்பாக இருக்கும் என்ற எண்ணத்துக்கு மறுப்பாக உள்ளது.

செட்டிநாட்டின் புகழ்பெற்ற ஆத்தங்குடிக் கற்களைச் சிலர் சுண்ணாம்புத் தரை எனக் கருதுவதுண்டு. அவை கண்ணாடிப் பலகையின் மீது வண்ணக் கலவை ஊற்றிச் செய்யப்படும் சிமெண்ட் ஓடுகள். எனினும் அவை பீங்கான் டைல்சைப் போல மெருகுக் கண்ணாடிப் படலம் பெற்றவை அல்ல.

சிமெண்ட் தளம் பழைய கட்டடத்தில் உண்டாக்கும் விளைவு

பழைய கட்டடங்கள் பலவற்றின் கடைக்காலில் ஓதத் தடுப்பு அடுக்கு கிடையாது. செங்கல், மண், சுண்ணாம்புக் காரை எல்லாமே நுண்துளை உடையவை. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் சுவரின் இரு முகங்களிலும் தரையிலும் ஆவியாகிவிடும். ஏறும் ஈரமும் ஆவியாகும் ஈரமும் சமமாக இருக்கும்வரை கட்டடம் நலமாக இருக்கும்.

அத்தரையைப் பெயர்த்துவிட்டு, பிளாஸ்டிக் தாள் விரித்துக் கான்கிரீட் தளம் போடும்போது, ஆவியாகும் பரப்பில் பெரும்பகுதி அடைபடுகிறது. தரையின் அடியில் ஈரம் தேங்குகிறது. அறையின் ஓரங்களில் சுவர் வழியே வெளியேற முயல்கிறது. சுவருக்கும் சிமெண்ட் பூச்சும் பிளாஸ்டிக் வகை வண்ணமும் அடித்திருந்தால், ஈரம் இன்னும் உயரம் ஏறிய பின்னரே வெளிவர வழி கிடைக்கும். முழங்கால் உயரத்தில் இருந்த ஈரக்கறை இடுப்பு உயரத்துக்கு வருவது இப்படித்தான். நிலத்தடி ஈரம் குறைவாக உள்ள மேட்டு நிலங்களில் இவ்விளைவு சிறிதாகவே இருக்கும். குளக்கரை, வயலோரம், கடலோரம் ஆகிய இடங்களில் மிகுதியாக இருக்கும்.

ஈரத்தைவிட அதில் கரைந்துள்ள உப்பே அதிகச் சேதம் விளைவிப்பது. நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகிறது. படிகம் மேற்பரப்பில் உருவானால் வெண்பொடியாகப் பூக்கும், துடைத்து எடுத்துவிடலாம். மேற்பரப்பு அடைபட்டிருந்தால் படிகம் செங்கல்லின் உள்ளே உருவாகி, துளைச் சுவர்களை நெருக்கி உடைக்கிறது. செங்கல் அடுக்கடுக்காக உதிர்வதும், பூச்சு உப்பிப் பெயர்வதும் இதன் விளைவே. சிமெண்டில் இயல்பாகவே உள்ள கரையும் காரஉப்புகளும் இதனுடன் சேர்ந்துகொள்கின்றன.

மரத்தூண்களும் நிலைக்கதவுகளும் உள்ள வீடுகளில் இன்னோர் இடர் உண்டு. புதிய தளத்தைத் தூணின் அடிவரை நெருக்கிப் போட்டுவிட்டால், மரத்தின் அடிப்பகுதி காய வழியின்றி உளுத்துப்போகும். கரையான் வருவதற்கும் வாய்ப்பாகும்.

இன்றைய சுண்ணாம்புக் கான்கிரீட் தரை

பிரித்தானியாவில் பழங்கட்டடங்களைப் பழுதுபார்ப்பதில் சுண்ணாம்புக்குத் தனி இடம் உண்டு. வில்லியம் மோரிசு முதலியோர் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம், பழைய பொருளுக்கு ஒத்த பொருளையே பழுதுபார்க்கப் பயன்படுத்த வேண்டும் என்று வலியுறுத்தி வருகிறது. அங்கு இன்று பரவலாக உள்ள சுண்ணாம்புக் கான்கிரீட் தரை, கீழிருந்து மேலாகப் பின்வரும் அடுக்குகளைக் கொண்டது.

1. இயற்கை நிலம்: பழைய தரையை அகற்றிச் சமன்செய்து, திமிசுக்கட்டையால் இறுக்கிய மண்.

2. வடிதுணி: மண்ணும் ஜல்லியும் ஒன்றோடொன்று கலவாமல் தடுக்கும் நீர்புகும் துணி.

3. ஜல்லி அடுக்கு: மறுசுழற்சிக் கண்ணாடியிலிருந்து செய்யப்படும் நுரைக்கண்ணாடி ஜல்லி அல்லது சுட்டு உப்பவைத்த களிமண் உருண்டைகள், ஏறத்தாழ 15 முதல் 20 செ.மீ. அல்லது அதற்கும் கூடுதலான தடிமனில். இது நுண்புழை ஏற்றத்தைத் துண்டிப்பதோடு, குளிர்நாடுகளில் வெப்பம் நிலத்துக்குள் இழக்கப்படுவதையும் குறைக்கிறது.

4. மீண்டும் ஒரு வடிதுணி.

5. சுண்ணாம்புக் கான்கிரீட்: நீரியல் சுண்ணாம்பும் கூர்மணலும் ஜல்லியும் கலந்த, ஏறத்தாழ 10 செ.மீ. தடிமனுள்ள தளம்.

6. சமன் பூச்சு: நீரியல் சுண்ணாம்பும் மணலும் கலந்த மேல் அடுக்கு.

7. மேற்பரப்பு: கல், சுட்ட மண் ஓடு, அல்லது மெருகிட்ட சுண்ணாம்பு.

இதில் எந்த அடுக்கிலும் பிளாஸ்டிக் தாள் இல்லை. வெப்பமான தமிழக நிலத்தில் வெப்பக்காப்பு அடுக்குக்குத் தேவை குறைவு. ஆனால் ஈரத்தைத் துண்டிக்கும் அடுக்கு இங்கும் வேண்டும். தூள் நீக்கிச் சலித்த 40 மி.மீ. கருங்கல் ஜல்லி போன்ற பெரிய ஜல்லி அதைச் செய்யும். தூளுடன் கூடிய ஜல்லியைக் கொட்டினால், தூள் இடைவெளிகளை அடைத்து ஈரத்தை மேலே ஏற்றிவிடும்.

மேற்பரப்பு

கீழே எத்தனை அடுக்குகள் சரியாக அமைந்தாலும், மேலே மெருகுப்படலம் உள்ள பீங்கான் டைல்சையோ எப்பாக்சிப் பூச்சையோ போட்டால் தரை மூச்சுவிடாது. சுட்ட மண் ஓடு, கருங்கல் பலகை, கடப்பாக் கல் ஆகியவற்றைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, இடுக்குகளையும் சுண்ணாம்பாலேயே நிரப்ப வேண்டும். அடர்த்தியான கல்லின் வழியே ஈரம் அதிகம் செல்லாது. இடுக்குகளே அங்கு வழியாகின்றன. எனவே பெரிய பலகைகளைவிடச் சிறிய பலகைகளே பொருத்தம்.

ஓடு பதிக்காமல் சுண்ணாம்பையே மெருகிடுவதானால், நுண்ணிய சாந்தைப் பூசி, சரியான பதத்தில் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்ப்பர். தடெலக்ட் முறையில் இத்துடன் சோப்பு நீரும் பயன்படுகிறது. கடின நீரில் சோப்புப் போட்டால் நுரை வராமல் திரிதிரியாகப் படிவதைப் பலரும் பார்த்திருப்பர். நீரில் உள்ள கால்சியம் சோப்புடன் சேர்ந்து கரையாத பொருளாவதே அதன் காரணம். அதே வினை சுண்ணாம்புப் பரப்பில் நிகழ்ந்து, நீரைத் தள்ளும் மெல்லிய படலத்தை உண்டாக்குகிறது. துணி துவைக்கையில் தொல்லையாவது இங்குப் பயனாகிறது.

பணியின்போது கவனிக்க வேண்டியவை

- பழைய சுவரின் கடைக்கால் ஆழம் குறைவாக இருக்கலாம். தரையைத் தோண்டும்போது அதன் அடிமட்டத்துக்குக் கீழே சென்றால் சுவர் சரியக்கூடும். முதலில் ஒரு மூலையில் சிறு குழி தோண்டி ஆழத்தை அறிந்த பின்னரே பணியைத் தொடங்க வேண்டும்.
- சுட்ட சுண்ணாம்பும் நீற்றுச் சுண்ணாம்பும் கடும் காரத்தன்மை உடையவை. தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். கண்ணாடியும் கையுறையும் அணிவது கட்டாயம். கண்ணில் பட்டால் உடனே நிறைய நீரால் நெடுநேரம் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.
- கடல் மணலையும் உப்பு நீரையும் பயன்படுத்தக் கூடாது. கிளிஞ்சலைச் சுடுமுன் நன்னீரில் அலச வேண்டும்.
- நீறாத சுண்ணாம்புக் கட்டிகள் சாந்தில் தங்கினால், பின்னாளில் அவை ஈரம் பட்டு உப்பித் தரையைப் பொரித்துவிடும். எனவே நீற்றிய சுண்ணாம்பைச் சலித்து, சில வாரங்களாவது நீரில் மூழ்க வைத்துப் பயன்படுத்துவது நல்லது.
- தளம் போட்ட பின் வெயிலும் அனல்காற்றும் நேரே படாமல் மறைத்து, நனைத்த சாக்கு விரித்து ஈரம் காக்க வேண்டும். சில நாளில் மெதுவாக நடக்கலாம். பாரம் ஏற்றச் சில வாரங்கள் பொறுக்க வேண்டும். முழு வலிமை கிடைக்கப் பல மாதங்கள் ஆகும்.

வரம்புகள்

சுண்ணாம்புத் தரை எல்லா இடத்துக்கும் ஏற்றதன்று. சாதாரணக் கான்கிரீட்டின் வலிமையில் ஒரு பகுதியே இதற்கு உண்டு. கனரக வண்டிகள் நிற்கும் இடம், பாரமான இயந்திரங்கள் உள்ள கூடம் ஆகியவற்றுக்கு இது பொருந்தாது. எலுமிச்சை, புளி, காடி, கழிவறை சுத்தம் செய்யும் அமிலம் ஆகியவை சுண்ணாம்பைக் கரைத்துக் கறை உண்டாக்கும். வீட்டைச் சுற்றி மழைநீர் தேங்கினாலோ, குழாய் உடைந்து கசிந்தாலோ, எந்தத் தரையும் அதைச் சரிசெய்யாது. முதலில் அக்குறையை நீக்க வேண்டும். நிலத்திலிருந்து ரேடான் என்னும் கதிரியக்க வாயு மிகுதியாக வெளிவரும் சில பாறைப் பகுதிகளில், மூச்சுவிடும் தரை அவ்வாயுவையும் உள்ளே விடக்கூடும். அங்குத் தரையடியிலிருந்து வாயுவை வெளியேற்றும் ஏற்பாடு தேவை. புதிய கட்டடத்தில் சுவருக்கும் தரைக்கும் முறையான ஓதத் தடுப்பு அமைந்திருந்தால், சுண்ணாம்புத் தரை விருப்பத் தேர்வே அன்றித் தேவையாகாது.

செலவும் காலமும் கூடுதலாவது மற்றொரு தடை. சுண்ணாம்பு வேலை அறிந்தவர்கள் குறைவாக உள்ளதால், பணியைத் தொடங்குமுன் ஒரு சதுர மீட்டர் அளவில் மாதிரி போட்டு, இறுகும் வரை பொறுத்துப் பார்ப்பது பாதுகாப்பானது.

சுற்றுச்சூழல் நோக்கு

சுண்ணாம்பு தயாரிப்பிலும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. எனினும் சிமெண்டுக்கு ஏறத்தாழ 1450 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவைப்பட, சுண்ணாம்புக்கு 900 டிகிரி போதுமானது. கல்லிலிருந்து வெளியேறிய வாயுவின் ஒரு பகுதியை இறுகும்போது சுண்ணாம்பு மீண்டும் ஏற்றுக்கொள்கிறது. எரிபொருளிலிருந்து வந்த வாயு திரும்புவதில்லை. ஆகவே சுண்ணாம்பு மாசே அற்றது என்பது மிகை. இதன் பெரிய நன்மை வேறு இடத்தில் உள்ளது. சுண்ணாம்புச் சாந்தில் பதித்த கல்லையும் ஓட்டையும் உடையாமல் பெயர்த்து மீண்டும் பயன்படுத்தலாம். சிமெண்டில் பதித்தவை பெரும்பாலும் உடைந்தே வெளிவரும்.

பழைய தரையை அகற்றுமுன்

ஈரமாகத் தோன்றும் எல்லாத் தரையிலும் ஓதம் கீழிருந்து வருவதில்லை. மழைக்காலத்தில் குளிர்ந்த தரையின் மீது காற்றின் ஈரம் படிந்து 'தரை வேர்ப்பதும்' உண்டு. இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உள்ளது. ஏறத்தாழ அரை மீட்டர் சதுரமுள்ள பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் ஒட்டி ஒருநாள் விட வேண்டும். தாளின் அடியில் நீர்த்துளிகள் இருந்தால் ஈரம் நிலத்திலிருந்து வருகிறது. தாளின் மேலே இருந்தால் அது காற்றிலிருந்து படிந்தது. அதற்குக் காற்றோட்டமே மருந்து.

ஈரம் நிலத்திலிருந்து வருவது உறுதியானாலும், உடனே தரையைப் பெயர்க்க வேண்டியதில்லை. முற்றத்து நீர் வடிகிறதா, கூரை நீர் சுவரடியில் விழுகிறதா, தெருவின் மட்டம் உயர்ந்து வீடு பள்ளத்தில் அகப்பட்டுவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். பழைய சுண்ணாம்புத் தரை ஆங்காங்கே மட்டும் குழிந்திருந்தால், அந்த இடத்தை வெட்டி எடுத்து, ஒத்த சாந்தால் நிரப்புவதே போதும். பராமரிப்புக்கு வெறும் நீரும் மென்மையான சோப்பும் போதுமானவை. அமிலமும் மெழுகுப் பூச்சும் வேண்டியதில்லை. நூறாண்டு உழைத்த தரையைப் பெயர்ப்பது ஒருநாள் வேலை. அதே பதத்தில் மீண்டும் போடத் தெரிந்த கைகள் குறைந்துவரும் காலத்தில், இருப்பதைக் காப்பதே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பது பழங்கட்டடப் பாதுகாப்பின் பொது நெறியாகும்.